தொண்ணூற்றெட்டில் தூங்கும் பாம்பு

காலை ஒன்பது பத்துக்கு அன்றைய முதல் ஆளை அவர் ஃபெயில் ஆக்கினார்.

கல்லூரி முடித்த பையன். ஏற்கெனவே நான்கு பிழை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தையும் தட்டிவிட்டான்.

"லேசாத்தான் சார் ஆடுச்சு."

"ஆடுச்சு இல்ல?"

பையன் தாளை வாங்கிக்கொண்டு போனான்.

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடக்கும் அந்த மைதானத்தில் அவருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர். பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வைத்தது. முகத்துக்கு நேரே சொன்னவர் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் கிடையாது. ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேர் வருவார்கள். அதில் ஏழெட்டுப் பேர் முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்கள். சிலர் கெஞ்சுவார்கள். சிலர் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள். ஒருவர் மயக்கம் வந்ததுபோல் விழுந்து, ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். எதற்கும் அவர் அசைந்து கொடுத்ததில்லை.

அதே மனிதர் மாலை ஆறு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாம்பு ஏணி ஆட்டத்தில் மகளிடம் தோற்பார். தினமும் தோற்பார்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிட்டார்கள். ஆள் சிறிசு, காரம் பெரிசு.

பகடை ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பது சுலபமில்லை. ஐந்து விழுந்தால் நான்கு கட்டம் நகர்ந்து பாம்பின் வாயில் போய் உட்காருவார். ஏணி எதிர்ப்பட்டால் கவனிக்காதவர்போல் தாண்டிப் போவார். அவர் மனைவி பகடையைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டு, குனிந்து எடுத்து, "ஐயோ, ஒண்ணுதான்" என்பாள். மனைவியின் தம்பி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன், அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். அவன் தோற்பதோடு நிற்காமல் சட்டமும் போடுவான். ஏணிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நின்றாலும் தொற்றிக்கொள்ளலாம் என்றான். கடைசிக் கட்டத்துக்கு எண்ணிக்கை கூடினாலும் பரவாயில்லை என்றான். தொண்ணூற்றெட்டாம் கட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பெரிய பாம்பு, எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வரும்போது தூங்கிவிடும் என்றான். மிளகு எல்லாவற்றையும் ஆட்டத்தின் விதி என்றே எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் பெரியம்மா பெண்ணால் வந்தது.

மனைவியின் அக்கா மகள் மிளகைவிட நாற்பது நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்காக, "என்னை அக்கான்னு கூப்பிடு" என்பாள். முதலில் பல் விழுந்தது அவளுக்கு. முதலில் நீச்சல் அடித்தது அவள். கடிகாரம் பார்க்கத் தெரிந்தது, தானே ஷூ கயிறு கட்டியது, எல்லாம் அவள்தான் முதல். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வரும். பேசி வைத்த பிறகு மனைவி கொஞ்ச நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை.

"வெளியில எல்லாத்துலயும் ரெண்டாவதா வர்றா. வீட்லயாவது ஜெயிக்கட்டுமே," என்றாள் ஒருநாள்.

அவர் மறுக்கவில்லை. அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு முகம் தன்னால் வாடுகிறது. ஒன்பதாவதாக இந்த முகமும் வேண்டாம்.

பெரியம்மா பெண்ணின் எட்டாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. மிளகை மதியம் விட்டுவிட்டு வந்து, மாலை ஐந்து மணிக்குக் கூட்டிவரப் போனார். மனைவியின் அக்கா வாசலுக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தம்பி, புள்ளைக்கு என்ன ஆட்டம் சொல்லிக் குடுத்திருக்கீங்க? பாம்பு தூங்குதாம்!"

நடந்தது இதுதான். ஆறு பிள்ளைகள் பாம்பு ஏணி ஆடியிருக்கிறார்கள். மிளகின் காய் தொண்ணூற்றெட்டுக்குப் போயிருக்கிறது. எல்லாரும் "இறங்கு, இறங்கு" என்று கத்தியிருக்கிறார்கள். அவள் பொறுமையாக, விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிற குரலில், "இந்தப் பாம்பு இப்ப தூங்கும்" என்று விளக்கியிருக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அப்போது பெரியம்மா பெண் சொல்லியிருக்கிறாள்: "உங்க வீட்ல எல்லாரும் வேணும்னே தோக்குறாங்க. எங்கம்மாவே சொன்னாங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் மிளகு அவர் வயிற்றைக் கட்டிக்கொள்வாள். அன்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கூடத்தில் மூன்று பெரியவர்களும் இருந்தார்கள்.

"அப்பா, பாம்பு தூங்காதா?"

முடிவை ஒரே வரியில் சொல்லிப் பழகியவர், "அது வந்து..." என்று இழுத்தார்.

"வேணும்னே தோத்தீங்களா?"

"சில தடவை."

"எத்தனை தடவை?"

"அட, எப்பவாவது ஒரு தடவைடா மிளகு," என்று மைத்துனன் குறுக்கே வந்தான்.

"மாமா, நீங்க பேசாதீங்க. பாம்பைத் தூங்க வெச்சதே நீங்கதான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாத் தடவையுமா?"

"ஆமா."

அவள் அழவில்லை. அலமாரிக்குப் போய் ஆட்டப் பலகையை எடுத்தாள். கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பி அதே இடத்தில் வைத்தாள்.

"அப்போ நான் வரைஞ்ச குதிரை?"

"குதிரை ரொம்ப நல்லா இருக்குடா. நிஜமா," என்றாள் அம்மா.

"நிஜமான்னு அப்பவும் சொன்னியே."

"இது வேற, கண்ணு."

"நான் பாடுறது?"

"அருமை!" என்றான் மாமா. கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டான்.

மிளகு மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

அந்தச் 'சரி' வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. சட்டை நன்றாக இருக்கிறது என்றால் சரி. கையெழுத்து அழகாக இருக்கிறது என்றால் சரி. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று நோட்டோடு பின்னாலேயே சுற்றுவாள். அது நின்றுபோனது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த குதிரைப் படத்தைக் காணோம். யாரும் கேட்கவில்லை.

"அழுதாலாவது தூக்கி வெச்சுக்கலாம்," என்றாள் மனைவி. "இவ அழவும் மாட்டேங்குறா. எங்க அக்காவை என்ன சொல்றது? வாய் சும்மா இருக்காதே அவளுக்கு."

"அக்கா பொய் சொல்லலையே."

"நீங்க ஒருத்தர் போதும்."

செவ்வாய்க்கிழமை அவர் பலகையை எடுத்துப் போட்டார். மிளகு வந்து உட்கார்ந்தாள், விருந்தாளி மாதிரி. அவர் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு எண்ணினார். ஏணியில் ஏறினார். பாம்பில் இறங்கினார். இருபது நிமிடத்தில் ஜெயித்தார். இரண்டு வருடத்தில் அவர் ஜெயித்த முதல் ஆட்டம்.

"நான் ஜெயிச்சுட்டேன். நிஜமாவே ஜெயிச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மிளகு. கோபம் எதுவும் இல்லை குரலில். "ஜெயிக்கிற மாதிரியும் நடிக்கலாம்ல."

பகடையை எடுத்து டப்பாவில் போட்டு மூடி, வீட்டுப் பாடம் எழுதப் போய்விட்டாள்.

அவர் பலகையின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். முன்பின் தெரியாதவர்கள் பதினாறு வருடமாக அவருடைய ஒரு வரியை நம்பி ஊருக்குள் வண்டி ஓட்டுகிறார்கள். இந்த வீட்டில் அவர் இனி எதைச் சொன்னாலும் ஒரு ஏழு வயதுக்காரி சரி என்று மட்டும் சொல்வாள். காய்ச்சலா என்று கேட்டாலும் சரி, யாராவது அடித்தார்களா என்று கேட்டாலும் சரி. வளர்ந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தார்.

வியாழக்கிழமை பள்ளி அரை நாள். மனைவிக்கு மாலை வரை வேலை. மைத்துனனுக்குக் கடை. வேறு வழியில்லாமல் மிளகை மைதானத்துக்கே கூட்டிவந்தார். ஜன்னலில் விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தா அம்மா தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள்.

"உங்கப்பாவைப் பாத்தா எங்களுக்கெல்லாம் பயம், தெரியுமா?"

"எனக்கு இல்ல," என்றாள் மிளகு.

மூன்றரை மணிக்கு ஒரு மீசைக்காரர் வந்தார். நல்ல உயரம். அலுவலகக் கதவு வழியாக உள்ளே நுழையவே குனிய வேண்டியிருந்தது. மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி ஐந்து தடவை பின்னால் உருண்டது. அவர் தாளில் எழுதி, காரணத்தை ஒரே வரியில் சொல்லி நீட்டினார். பிறகு பேசவில்லை. முடிவைச் சொன்ன பிறகு எதிரில் நிற்பவராகப் பேசும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தார். மீசைக்காரர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன் சார்" என்று போனார்.

அடுத்து ஒரு நடுவயதுப் பெண். வண்டியை மெதுவாக, உருட்டுவதுபோல் ஓட்டினாள். ஒரு பிழை. தாளைக் கொடுத்து, "தேர்ச்சி" என்றார். அவள் அந்த இடத்திலேயே ஒரு குதி குதித்து, தாளை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கு வெளியே காத்திருந்த கணவனிடம் ஓடினாள்.

மாலை வீடு திரும்பும்போது சிக்னலில் மிளகு பின்னாலிருந்து கேட்டாள்.

"மீசைக்காரர் அழுதாரு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க சமாதானமே சொல்லல."

"சொன்னா, இன்னும் கொஞ்சம் கேட்டா பாஸ் போட்டுடுவேன்னு நினைப்பாரு."

பச்சை விழுந்தது. அடுத்த சிக்னலில் மறுபடி நின்றார்கள்.

"அந்த அம்மா உடனே நம்பிட்டாங்க. நிஜமாவான்னு திருப்பிக் கேக்கவே இல்ல."

"ம்."

"மீசைக்காரருக்கு நீங்க ஃபெயில் போட்டதை அவங்க வரிசைல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. அதான்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகி நேரமாகியிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் சொன்னாள்.

"எனக்கும் வைங்க."

"என்னது?"

"பரீட்சை. சைக்கிள்ல. அந்தப் பேப்பர்லயே வைங்க. வீட்டுப் பேப்பர் வேண்டாம்."

மறுநாள் குமாஸ்தா அம்மாவிடம் ஒரு தாள் கேட்டார். பதினாறு வருடத்தில் அலுவலகத்துக் குண்டூசியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

"யாருக்கு சார்?"

"மகளுக்கு."

"பதினெட்டு வயசு ஆகணுமே சார்," என்று சிரித்தாள். அச்சு மங்கிய தாள் ஒன்றைத் தேடி எடுத்து, "இது எப்படியும் குப்பைக்குத்தான்" என்று நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். மைதானத்தில் யாரும் இல்லை. மனைவியும் மைத்துனனும் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள். மிளகின் சைக்கிளிலிருந்து பக்கச் சக்கரங்களைக் கழற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் ஓட்டுவதைப் பார்த்து மூன்று பேரும் தினமும் கை தட்டியிருந்தார்கள்.

"இங்க பாருங்க," என்று மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏற்கெனவே நொந்து போயிருக்கா. நல்லபடியா போட்டுக் குடுத்துடுங்க. ஒரு தாளுதானே."

"ஒரு தாளுதான்," என்றார்.

"அந்தப் பேனாவை வீட்லயே வெச்சுட்டு வந்திருக்கலாம்."

அவர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மிளகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையில் ஹெல்மெட், கால்சட்டைக்குள் செருகிய சட்டை.

"பேர் என்ன?"

"மிளகு."

"முழுப் பேர் எழுதுங்க."

அவர் 'ங்க' போட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"பேனா குடுங்க சார்," என்றாள்.

எழுதினாள். அவர் வாங்கிப் பார்த்தார். சைக்கிளின் மணி, டயர், பிரேக் எல்லாம் சரிபார்த்தார். எங்கே போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

நேர்கோட்டில் நன்றாகப் போனாள். எட்டுப் போடும் இடத்தில் முதல் வளைவிலேயே தடுமாறி ஒரு கால் தரையில் பட்டது. அவர் குறித்தார்.

"கால் படல அத்தான்!" வேலியிலிருந்து மைத்துனன் கத்தினான். "நான் பாத்தேன், படவே இல்ல!"

"பட்டுச்சு மாமா!" சைக்கிளிலிருந்தே மிளகு கத்தினாள். "சும்மா இருங்க!"

இரண்டாவது வளைவில் மறுபடியும் கால் பட்டது. வலது பக்கம் திரும்பும்போது பின்னால் பார்க்கவில்லை. குறுகலான பாதையில் கம்பத்தை உரசினாள். நான்கு. நான்கு பிழை வரை தேர்ச்சி.

கடைசித் திருப்பம். இடது பக்கம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, முன்சக்கரத்தையே பார்த்தபடி வளைத்தாள். பின்னால் பார்க்கவில்லை.

பேனா தாளுக்கு மேலே நின்றது. பார்த்திருப்பாளோ. ஹெல்மெட் மறைத்திருக்கலாமோ. கழுத்து லேசாகத் திரும்பியதுபோல்கூட இருந்தது. வேலியில் மனைவி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கோடு. போடாவிட்டால் உலகத்தில் எவனுக்கும் தெரியாது.

மிளகுக்குத் தெரியும் என்று தோன்றியது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது.

ஐந்தாவது கோட்டைப் போட்டார்.

அவள் நேராக வந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்தினாள். முன்சக்கரம் கோட்டின் மேல், ஒரு விரல்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லாமல் நின்றது. இறங்கி, ஸ்டாண்டு போட்டு, அவர் முன்னால் வந்தாள்.

அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"தேர்ச்சி இல்லை. கால் ரெண்டு தடவை தரையில பட்டுச்சு, கம்பத்துல ஒரு தடவை உரசிடுச்சு, ரெண்டு தடவை திரும்பும்போதும் பின்னாடி பாக்கல."

தாளைக் கொடுத்தார். பிறகு பேசவில்லை.

மிளகின் கீழுதடு முன்னால் வந்தது. கன்னம் நடுங்கியது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது, பிறகு நிறையவே விழுந்தது. வேலிக்கு வெளியே மனைவி கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்துவது தெரிந்தது. அவர் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ பேர் அவர் முன்னால் அழுதிருக்கிறார்கள். இவளை மட்டும் குனிந்து தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தூக்கவில்லை.

அவள் முழங்கையால் மூக்கைத் துடைத்தாள். தாளை மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆயிற்று. விரல் ஓரிடத்தில் நின்றது.

"பிரேக் பிடித்தல்... நன்று."

"ஆமா."

"நன்றுன்னா நல்லதுதானே?"

"நல்லது."

வேறு ஏதாவது சேர்த்துச் சொல்வாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் எதுவும் சேர்க்கவில்லை. அவள் சைக்கிளிடம் போனாள். பிரேக்கை ஒரு தடவை அழுத்தி விட்டாள். இன்னொரு தடவை அழுத்தி விட்டாள்.

மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அம்மா, எனக்கு பிரேக் நல்லா வருது."

"ஆமாடா கண்ணு, நான்தான் அன்னிக்கே சொன்னேனே—"

"நீ சொல்லாதம்மா. பேப்பர்ல இருக்கு."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். ஐந்து சிவப்புக் கோடுகளையும் பார்த்தாள். கணவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள், மூக்கு ஒழுகி, கண் சிவந்து, ஒரு வாரத்துக்குப் பிறகு தானாகப் பெருமையாக ஒன்றைச் சொன்ன முகத்தை. முறைப்பு தளர்ந்துபோயிற்று. முந்தானையால் அந்த மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை வைக்கலாமா சார்?" மைத்துனன் வேலியிலிருந்தே கேட்டான். "எனக்கும் வைங்க. நான் பத்துத் தப்பு பண்றேன்."

"வேணும்னு பண்ணக் கூடாது மாமா," என்றாள் மிளகு.

தாளை அம்மாவிடமிருந்து வாங்கி நான்காக மடித்தாள். சட்டைப் பையில் வைக்கப் போனவள் நின்றாள். அப்பாவுக்கு முன்னால் வந்து, தேர்வுக்கு நின்றதுபோலவே நேராக நின்றுகொண்டாள்.

"இனிமே நான் எது கேட்டாலும் இந்த மாதிரியே சொல்வீங்களா சார்?"